கதவுக்கு இந்தப் பக்கம்: மலையகத்தில் பிரசவப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

பிரசவத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் வரும் தம்பி தங்கைகள் முதலில் காட்டுவது, கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டுப் படங்களை. வீட்டுக்குள்ளேயே நீர்த்தொட்டி, பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்கும் கணவன், ஜன்னல் வழியாக வரும் காலை வெளிச்சம். நல்ல படங்கள்தான், நானும் அவற்றைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இதைத் தொழிலாகத் தொடங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன, அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை அரசாங்க ஆஸ்பத்திரியில். அந்தப் பிரசவ அறைக்குள் கெமராவோடு போக நமக்குப் பொதுவாக இடமில்லை. இருக்கவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தாய் வலியோடு படுத்திருப்பார், அவர் நம்மை அழைக்கவில்லை.

ஆகவே நம் வேலையின் பெரும்பகுதி கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பது. அதை இரண்டாம்தரமான வேலை என்று நினைத்தால் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். என் அம்மாயி ஐந்து பிள்ளை பெற்றவர். அவருக்கென்று இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அம்மா எத்தனை மணிக்குப் பிறந்தார் என்று கேட்டால், "பெரட்டுத் தப்பு அடிச்ச நேரம்" என்பார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கும் பறை அது. அவ்வளவுதான் பதிவு. ஆஸ்பத்திரி வாசலில் ஃபிளாஸ்க்கோடு காத்து நிற்கும் ஒரு தகப்பனின் முகம்கூட, நம்மில் பல குடும்பங்களில் யாருமே எடுத்து வைக்காத படம்.

அனுமதி

அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் வளாகத்துக்குள் கெமராவை வெளியே எடுப்பதற்கே அனுமதி வேண்டும். பணிப்பாளருக்கோ மருத்துவ அத்தியட்சகருக்கோ கடிதம் எழுதுங்கள். தாயின் பெயர், எதிர்பார்க்கும் தேதி, எந்த இடத்தில் என்ன படம், யார் யார் படத்தில் வருவார்கள், படம் எங்கும் வெளியாகாது என்ற உறுதி, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தாயும் கையெழுத்துப் போட வேண்டும். சிங்களத்தில் ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஒரு மாதமாவது முன்பே கொடுங்கள். முடியாது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியில் எடுக்கத் திட்டம் போடுங்கள். காவலாளியிடம் பேசிச் சமாளித்து உள்ளே போகிற வேலை வேண்டாம். நீங்கள் ஒருமுறை அப்படிப் போனால் உங்களுக்குப் பின்னால் வரும் பத்துப் பேருக்குக் கதவு மூடிவிடும்.

சில ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் தாய்க்குத் துணையாக ஒரு பெண்ணை விடுகிறார்கள். அந்த இடம் தாயின் அம்மாவுக்கோ அக்காவுக்கோ உரியது. படம் எடுப்பதற்காக அந்த இடத்தில் நீங்கள் போய் நிற்காதீர்கள், தாயே கேட்டாலும் இரண்டு முறை யோசிக்கச் சொல்லுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைத்தால் நிலைமை கொஞ்சம் இளகும். அங்கேயும் மூன்று தரப்பின் சம்மதம் தனித்தனியாக வேண்டும்: நிர்வாகம், பிரசவம் பார்க்கும் டொக்டர், அன்றைக்குக் கடமையில் இருக்கும் தாதியும் மருத்துவமாதும். நிர்வாகம் சரி என்றாலும், "என் முகம் வேண்டாம்" என்று ஒரு தாதி சொன்னால் அவர் முகம் வராது. சிசேரியனுக்கு தியேட்டருக்குள் விடுவது இன்னும் அரிது.

தாயோடு முதல் பேச்சு

எட்டாம் மாதம் பிறந்ததும் ஒருமுறை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் ஒரு பகுதியாவது தாயோடு தனியாக இருக்க வேண்டும். கணவர், மாமியார், வெளிநாட்டிலிருந்து செலவைப் பொறுப்பேற்ற நாத்தனார் என எல்லோர் முன்னாலும் கேட்டால் அவர் "ம்ம்" என்றுதான் சொல்வார். தனியாகக் கேட்டபோது ஒரு பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னது: "அக்கா, எல்லாம் எடுங்க. ஆனா நான் கத்துறத மட்டும் எடுக்காதீங்க. மாமி பாத்தா ஒரு மாதிரி." அது எனக்குப் போதுமான கட்டளை.

என்ன எடுக்கலாம், என்ன கூடாது, யார் பார்க்கலாம், பேஸ்புக்கில் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒரு கைச் சாடை பேசி வையுங்கள். வலியில் இருக்கும் பெண்ணால் முழு வாக்கியம் பேச முடியாது. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் கெமரா இறங்கிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. முன்பு கொடுத்த சம்மதத்தை அவர் எந்த நிமிடத்திலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பிறகும்கூட.

குறித்த தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். சொன்ன தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு 4, 5 இருக்கும். 38ஆவது வாரத்திலிருந்து 41ஆவது வாரம் முடியும் வரை நீங்கள் அழைத்தால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் கொழும்புக்குக் கலியாண வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் போகவே கூடாது, ஆகவே உங்களுக்குப் பதிலாகப் போகக்கூடிய இன்னொருவரை முன்பே தாய்க்கு அறிமுகப்படுத்தி வையுங்கள்.

காசு விஷயத்தையும் இந்தச் சந்திப்பிலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள். முற்பணம் எவ்வளவு, சிசேரியனாகி உள்ளே விடாவிட்டால் என்ன, நீங்கள் வந்து சேரும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டால் என்ன. தோட்டத்துக் குடும்பங்களுக்கு நான் தவணையில் வாங்குகிறேன், நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஒரே தடவையில் கேட்பது நியாயமில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, 85 மில்லிமீற்றர் ஒன்று. குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க, இரண்டும் எஃப் 1.8 வரை திறக்கக்கூடியதாக இருந்தால் போதும், அதைவிட விலைகூடியது தேவையில்லை. சத்தமில்லாமல் எடுக்கும் வசதியுள்ள கெமரா, இரண்டு மெமரி காட்டில் ஒரே நேரத்தில் பதிவது நல்லது. மின்கலம் மூன்று. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், ஒன்றைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊசி பிடித்திருக்கும் கைக்குப் பக்கத்தில் திடீர் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை, லென்ஸில் படியும் மூட்டம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மார்கழி, தை இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். பிறந்த பிள்ளை குளிர்ந்து போகாமல் இருக்க, பிரசவ அறை குறைந்தது 25 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குளிரில் ஊறிய கெமராவை அந்தச் சூட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீராவி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும்.

எனக்கு இது நடந்தது. முதல் வருடம், அதிகாலை, தலவாக்கலைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் பையை முன்னால் மாட்டிக்கொண்டு வந்து நேரே உள்ளே ஓடினேன். தாதி பிள்ளையைத் தகப்பனின் கையில் கொடுக்கிறார், எனக்குத் தெரிவது வெள்ளைப் புகை மட்டும். ஏழெட்டுப் படம் எடுத்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தத் தகப்பன் பிறகு கேட்டபோது உண்மையைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு செய்வது இதுதான்: வீட்டில் இருந்து கிளம்பும்போதே கெமராவையும் லென்ஸையும் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி மூடிவிடுவேன். ஆஸ்பத்திரிக்குள் போனதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைப்பேன். நீராவி பையின் வெளிப்பக்கத்தில் படியும், கெமரா மெதுவாகச் சூடேறும். அந்த அரை மணிக்கு நேரமில்லாத அளவுக்கு அவசரம் என்றால் கைப்பேசி இருக்கிறது, அதை உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் அதில் படியாது. வீட்டுக்கு வந்ததும் லென்ஸ்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்த லென்ஸ்கள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத ஷட்டரில் 1/250 விநாடி வேகத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கெமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200, தேவைப்பட்டால் 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக இருப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கெமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள், ஏனென்றால் பச்சைத் துணியின் நிறம் தோலில் அடிக்கும், பிள்ளையைச் சூடாக வைக்கும் விளக்கின் கீழே எல்லாம் செம்மஞ்சளாகிவிடும். பிறகு திருத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக, கெமராவின் மணிக்கூட்டைக் கைப்பேசி நேரத்தோடு நொடி பிசகாமல் சரிபார்த்து வையுங்கள். சாதகம் எழுதப் பிறந்த நேரம் கேட்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் உள்ளதுதான் அதிகாரபூர்வமான நேரம், அதை மீறி நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே இருந்தால் சுவர் மணிக்கூட்டை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பாட்டிமார் எத்தனையோ படங்களைத் தள்ளிவிட்டு அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

அழைப்பு வந்ததும்

தலைப்பிள்ளை என்றால் அவசரம் குறைவு. கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறந்த பிறகும் முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை போகலாம், முழுதாக 10 சென்ரிமீற்றர் திறந்த பிறகு முக்கும் நேரமும் சில சமயம் 3 மணி வரை நீளும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு அப்படிக் கணக்குப் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க முடியாது, அழைப்பு வந்ததும் கிளம்புங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடியிருக்கலாம், மாற்றுப்பாதையைப் பகலிலேயே ஒருமுறை ஓடிப் பார்த்து வையுங்கள்.

தோட்டத்திலிருந்து தாயைக் கொண்டுவர வாகனம் இல்லை என்று உங்களுக்கு அழைப்பு வந்தால், உங்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வர நினைக்காதீர்கள். 1990க்கு எடுக்கச் சொல்லுங்கள், சுவசெரிய அம்பியுலன்ஸுக்குக் கட்டணம் இல்லை, உள்ளே பயிற்சி பெற்றவர் இருப்பார். கொழுந்து லொறியில் கர்ப்பிணிகளை ஏற்றி வந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியே

சரி, அரசாங்க ஆஸ்பத்திரி, வளாகத்துக்குள் எடுக்க மட்டும் அனுமதி. என்ன இருக்கிறது எடுக்க?

புறப்படும் வீடு இருக்கிறது. அம்மா பையைக் கட்டுகிறார்: பழைய நூல் சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்த துணி, கிளினிக் கொப்பி, ஃபிளாஸ்க், சீப்பு. சாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிவிடுகிறார். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நிற்கிறார்கள். வலி விட்டு விட்டு வரும் தொடக்க நேரத்தில் தாயே சிரித்துக்கொண்டு நிற்பார், அந்தச் சிரிப்பை எடுங்கள்.

அப்புறம் காத்திருப்பு. எல்லாவற்றையும்விட இந்தக் காத்திருப்பில்தான் படம் இருக்கிறது. தகப்பன் பத்து முறை கைப்பேசியைப் பார்ப்பார், ஒருமுறை தூண் பக்கம் திரும்பி முகத்தைத் துடைப்பார். மாமனும் தாத்தாவும் பேசாமல் வெற்றிலை மடிப்பார்கள். அவர்களோடு உட்காருங்கள், சாப்பிடுங்கள், கெமராவை மடியில் வையுங்கள். ஒரு மணி நேரம் போனால் நீங்கள் இருப்பதை மறந்துவிடுவார்கள். 85 மில்லிமீற்றரோடு தூரத்தில் இருந்து எடுத்தால் யாருக்கும் கூச்சம் வராது. செய்தி வரும் நொடியைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு: தகப்பனின் கைப்பேசி அடித்ததும் எழுந்து அவர் முகத்துக்கு நேரே வராமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நேரே நின்றால் அவர் உங்களுக்காக முகத்தைச் சரிசெய்துகொள்வார்.

பார்வையாளர் நேரத்தில் வாட்டுக்குள் போக அனுமதி கிடைத்தால் பத்து நிமிடத்தில் முடியுங்கள். கெமராவின் பின்னணியில் வேறு கட்டில் எதுவும் வரக் கூடாது. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்று, தாயின் முகத்தில் வெளிச்சம் விழும்படி எடுங்கள். பிள்ளையின் முகத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், அவரவர் கைப்பேசியிலேயே நூறு படம் இருக்கும். அதனால் நீங்கள் பெற்றவளை எடுங்கள். பிள்ளையின் காலில் கட்டிய சிட்டையை எடுக்கலாம், ஆனால் அதில் பெயரும் விவரமும் இருக்கும், வெளியே போகக் கூடாத படம் அது.

உள்ளே போக இடம் கிடைத்தால்

சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை கழுவுங்கள், மோதிரம் வளையல் வேண்டாம். விரித்து வைத்த பச்சை அல்லது நீலத் துணியைத் தொடாதீர்கள், அதன் மேலாக எட்டியும் எடுக்காதீர்கள். அது கிருமி நீக்கிய இடம். தாயின் தலைமாட்டில், தோளுக்குப் பின்னால் உங்கள் இடம். அங்கிருந்து அவர் காண்பதை நீங்களும் காண்பீர்கள், அவர் மறைக்க நினைப்பது படத்தில் வராது.

மூன்று சிங்களச் சொற்றொடர்கள் காதில் பதிந்திருக்கட்டும்: "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் பொறு, "கன்ன எப்பா" என்றால் எடுக்காதே, "எளியட்ட யன்ன" என்றால் வெளியே போ. மூன்றாவதைக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள்.

பிள்ளை வெளியே வந்த நொடியில் நீலமாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், மேலே வெண்ணெய் போல ஒரு படலம். முதன்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். மூச்சு எடுத்ததும் உடம்பு சிவக்கத் தொடங்கும், கையும் காலும் மட்டும் சில மணி நேரம் நீலமாகவே இருக்கலாம். முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் பிள்ளையின் மூச்சு, நாடி, நிறம் பார்த்துப் புள்ளி போடுவார்கள், அந்த நேரம் மேசையை மறைக்காதீர்கள். எல்லாம் நலமாக இருந்தால் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போடுவார்கள். கொப்பூழ்க்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுப்பார்கள். இந்த ஒரு மணி நேரத்தில், முதல் பால் கொடுக்கும் வரை, நகராதீர்கள், பேசாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கண் தெரியும். அது அம்மாவின் மார்பிலிருந்து முகம் வரையுள்ள தூரம். அந்தப் பார்வையை ஒரே இடத்தில் நின்று எடுங்கள்.

ஏதாவது தவறாகப் போனால்

அறையில் பேச்சின் வேகம் மாறும், ஆட்கள் உள்ளே வருவார்கள். கெமராவை இறக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள், யாரும் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

பிள்ளை தங்காமல் போன வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தாயின் அண்ணன் வந்து, "எங்களுக்கு ஒரு படம் வேணும்" என்றார். நீங்களாக அதைக் கேட்காதீர்கள். அவர்கள் கேட்டால் தயங்காமல் போங்கள். விரல்கள், பாதம், அம்மாவின் கைக்குள் இருக்கும் பிள்ளையின் கை, துணியில் சுற்றிய முகம். கறுப்பு வெள்ளையில் கொடுங்கள், தோலின் நிறமாற்றம் கண்ணை உறுத்தாது. பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் பெயர் சொல்லிப் பேசுங்கள். இதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது என் முடிவு. அவர்கள் இப்போது படத்தைப் பார்க்க விரும்பாவிட்டாலும் அழிக்காதீர்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

லயத்துக்கு வந்த பிறகு

வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்கு யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம், தாயின் சொல் ஒன்று போதும். துடக்கு (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) பார்க்கும் வீடு என்றால் எப்போது வரலாம் என்று கேட்டுப் போங்கள், சிலர் 31ஆம் நாள் கழிவுக்குப் பிறகுதான் வெளியாளை உள்ளே விடுவார்கள்.

லயத்துக் காம்பராவில் வெளிச்சம் வருவது பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் கதவு வழியாக. அதைவிட நல்ல ஸ்டூடியோ வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. தாயைக் கதவிலிருந்து நாலைந்து அடி உள்ளே, காற்று நேரே அடிக்காத இடத்தில் உட்கார வையுங்கள். காலை 9 மணிக்கு மேல் பனி விலகியதும் எடுக்கலாம். அறை குளிராக இருந்தால் கரிச்சட்டி கொளுத்திக் கதவை மூடாதீர்கள், அந்தப் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை. பிள்ளை துணியில் சுற்றியபடியே இருக்கட்டும். வலைக்குள் தொங்கவிடுவது, கையில் தாடையை முட்டுக்கொடுத்துத் தலையை நிறுத்துவது எல்லாம் வேண்டாம், கழுத்து நிற்காத பிள்ளை. சாம்பிராணிப் புகை வெளிச்சத்தில் அழகாகத் தெரியும், ஆனாலும் படத்துக்காகப் போடச் சொல்லாதீர்கள்.

பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, கண்ணூறு படாமல் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பது, சேலையில் ஏணை கட்டுவது, அம்மாவின் பத்தியச் சாப்பாடு. இவற்றில் இப்படி இரு, அப்படிப் பார் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஏணையைத் தரையோடு படுத்துக் கீழேயிருந்து எடுங்கள், சேலையினூடாக வெளிச்சம் வரும்.

படத்தைக் கொடுப்பது

அன்றிரவே மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உங்கள் வீட்டில் அல்லாத இடத்தில் ஒன்று. மூன்றும் சரியாக இருக்கும் வரை மெமரி காட்டை அழிக்காதீர்கள். திருத்தும்போது பிள்ளையின் தோலை மெழுகு போல வழவழப்பாக்காதீர்கள், தோல் உரிவதும் நெற்றிக் கீறலும் பத்து நாளில் தானாகப் போய்விடும், படத்திலாவது இருக்கட்டும். தாயைச் சிவப்பாக்காதீர்கள். யாரும் கேட்காமலே நிறம் வெளுக்கிற பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் இருக்கிறது, அது பெற்றவளை அவமதிப்பது.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். முதலில் தாய்க்கு மட்டும். அவர் பார்த்து வேண்டாம் என்று தள்ளியவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

கைப்பேசி உடையும், பென் டிரைவ் தொலையும். குறைந்தது 20 படமாவது அச்சடித்துக் கொடுங்கள், விலையிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்குப் பின்னால் அட்டைக்கும் சுவருக்கும் இடையே தக்கைத் துண்டு ஒட்டிக் கொடுத்தால் ஈரச் சுவரில் படம் பூஞ்சணம் பிடிக்காது. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தேதி, தோட்டத்தின் பெயர் எழுதுங்கள். சாதாரணப் பேனா அந்தத் தாளில் ஒட்டாது, அழியாத மை மார்க்கர் வேண்டும், எழுதியதைப் பத்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள்.